ஒட்டு ப்ரிஸம்: ரத்தக்குழாய் அழுத்திய கண் நரம்புக்கு ஒரு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் எதுவரை கைகொடுக்கும்?

"எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது" என்று ஆறாம் நரம்பு வாதத்தோடு (கண்ணை வெளிப்புறம் திருப்பும் நரம்பு செயலிழந்த நிலை) கண்ணாடிக் கடைக்கு வருபவருக்குக் கொடுக்க மூன்று பொருள்கள்தான் உண்டு: கண் பட்டை, மங்கல் ஒட்டுத்தாள், ஒட்டு ப்ரிஸம். இந்த மதிப்புரை மூன்றாவதைப் பற்றியது. மற்ற இரண்டும், ஊசியும், கத்தியும் ஒப்பிடத் தேவைப்படும் இடத்தில் வரும். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மூளைத்தண்டின் அருகே ரத்தக்குழாய் அழுத்தி ஒரு கண் உள்பக்கம் திரும்பிப்போனவருக்கு, நரம்பு தேறுமா தேறாதா என்று காத்திருக்கும் மாதங்களில் இதைவிட உருப்படியான பொருள் கடையில் இல்லை. ஸ்கேன் பார்க்காமல் ஒட்டினால் இதுவே நோயை மூடி மறைக்கும் திரையாகவும் ஆகும்.

பொருள் என்னவோ எளிமையானதுதான். பள்ளிக்கூடத்தில் பார்த்த முப்பட்டகம் ஒளியைத் தன் தடித்த அடிப்பக்கம் நோக்கி வளைக்கும்; பார்ப்பவருக்குப் பிம்பம் மெல்லிய முனைப்பக்கம் நகர்ந்ததுபோலத் தெரியும். 1 மீட்டர் தூரத்தில் பிம்பத்தை 1 செ.மீ. நகர்த்தினால் அதன் பவர் 1 ப்ரிஸம் டையாப்டர். ஒருவருடைய கண் 20 டையாப்டர் உள்ளே திரும்பியிருந்தால், 6 மீட்டர் தள்ளி நிற்கும் ஆளுக்குப் பக்கத்தில் 120 செ.மீ. இடைவெளி விட்டு அதே ஆள் இன்னொருவராக நிற்பார். ரோட்டைக் கடக்கும்போது எந்த பஸ் நிஜம் என்று தெரியாது.

இந்த 20 டையாப்டரைச் சாதாரண லென்ஸிலேயே கடைந்து கொடுக்க முடியாதா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. கணக்கு இதுதான்: 50 மி.மீ. அகலமுள்ள சாதாரண பிளாஸ்டிக் லென்ஸில் 5 டையாப்டர் வைத்தாலே ஒரு ஓரம் மற்ற ஓரத்தைவிட ஏறக்குறைய 5 மி.மீ. தடிக்கும். 20 டையாப்டர் என்றால் 20 மி.மீ. ஃப்ரேமும் தாங்காது, மூக்கும் தாங்காது. இரண்டு லென்ஸுக்கும் பிரித்துப் போட்டாலும் மொத்தம் 10, 12 டையாப்டருக்கு மேல் போவது சிரமம்.

பிரெஞ்சுக்காரர் ஃப்ரெனெல் கலங்கரை விளக்கத்துக்குச் செய்த தந்திரம் இங்கே உதவிக்கு வருகிறது. கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் 1823இல் அவருடைய லென்ஸ் ஏறியது. ஒளியை வளைப்பது மேற்பரப்பின் சாய்வுதான், உள்ளே இருக்கும் தடிமன் அல்ல. ஆகவே தடிமனை வெட்டி எறிந்துவிட்டுச் சாய்வை மட்டும் வரிவரியாக அடுக்கினால் போதும். ஒட்டு ப்ரிஸம் அதே வேலையை மெல்லிய, வளையும் பிளாஸ்டிக் தாளில் செய்கிறது. தடிமன் சுமார் 1 மி.மீ. ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் கோடு கோடாக வரிகள். கண் மருத்துவமனைகளில் பழகிப்போன பெயர் த்ரீஎம் நிறுவனத்தின் 'ப்ரெஸ்-ஆன்'. இந்த வகைத் தாள்கள் 1 முதல் 10 வரை ஒவ்வொரு டையாப்டராகவும், அதன்பின் 12, 15, 20, 25, 30, 35, 40 என்றும் கிடைக்கும். பசை கிடையாது, தண்ணீரிலேயே லென்ஸின் உள்பக்கம் பிடித்துக்கொள்ளும். வேண்டாதபோது உரித்துவிடலாம். இந்தப் பொருளின் உயிர் அதில்தான் இருக்கிறது. நரம்பு தேறத் தேற பவர் மாறும். லென்ஸில் கடைந்த ப்ரிஸத்தை மாதாமாதம் மாற்ற யாருக்கும் கட்டுப்படியாகாது.

வாங்குவதற்கு முன்னால்

கண்ணை அசைக்கும் நரம்புகள் மூன்று. மூன்றுமே ரத்தக்குழாய்களை உரசிக்கொண்டுதான் போகின்றன. ஆனால் எந்த நரம்பை எந்தக் குழாய் அழுத்துகிறது என்பதைப் பொறுத்து அவசரம் முற்றிலும் மாறும்.

மூன்றாம் நரம்பு மூளைத்தண்டிலிருந்து வெளியே வந்ததும் இரண்டு தமனிகளுக்கு நடுவே நுழைந்து, பின் இணைப்புத் தமனிக்கு இணையாக ஓடுகிறது. அந்தத் தமனியின் தொடக்கத்தில் பலூன்போல வீக்கம் வந்தால் முதலில் நசுங்குவது நரம்பின் வெளி அடுக்கு. கண் பாவையைச் சுருக்கும் இழைகள் அந்த வெளி அடுக்கில்தான் இருக்கின்றன. இமை தொங்கி, கண் வெளியே கீழே திரும்பி, பாவை விரிந்து, தலைவலியும் இருந்தால் அன்றைக்கே சி.டி. ஆஞ்சியோ (ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன்) எடுக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த வீக்கம் வெடித்தால் மூளையைச் சுற்றி ரத்தம் கசியும், உயிருக்கே ஆபத்து. இவருக்கு ப்ரிஸம் விற்பவர் தவறு செய்கிறார். பாவை சரியாக இருந்தால் பயமில்லை என்று ஓரளவுதான் சொல்லலாம்: மற்ற தசைகள் பாதி மட்டும் விழுந்திருக்கும் நிலையில் சாதாரணப் பாவையை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. இரண்டு நாள் கழித்து அது விரியலாம்.

ஆறாம் நரம்புக்கு ஒரே ஒரு தசைதான் வேலை: கண்ணை வெளிப்புறம் திருப்பும் தசை. ஆனால் நரம்பின் பாதை நீளமானது. மூளைத்தண்டின் இரண்டு பகுதிகளான பான்ஸுக்கும் முகுளத்துக்கும் இடையிலான பள்ளத்திலிருந்து கிளம்பி, எலும்புச் சரிவில் ஏறி, டொரெல்லோ கால்வாய் என்ற குறுகலான சந்தில் நுழைந்து, கழுத்துத் தமனியின் தலைப்பகுதியை ஒட்டிக்கொண்டு கண்குழிக்குள் போகிறது. கிளம்பும் இடத்தில் முதுகெலும்புத் தமனி, அடித்தளத் தமனி, அதன் கிளையான முன்கீழ் சிறுமூளைத் தமனி மூன்றும் அக்கம்பக்கத்தில் இருக்கின்றன. பல வருட ரத்த அழுத்தத்தில் அடித்தளத் தமனி பழைய சைக்கிள் ட்யூப்போல நீண்டு, புடைத்து, வளைந்துபோவதுண்டு. விட்டம் 4.5 மி.மீ.க்கு மேல் போனால் புடைத்ததாகக் கணக்கு. அந்த வளைவு நரம்பின் மேல் ஒவ்வொரு துடிப்புக்கும் தட்டும். இந்த மதிப்புரை மனதில் வைத்திருப்பது முக்கியமாக இப்படிப்பட்ட நோயாளியைத்தான்.

நான்காம் நரம்பு மிக மெல்லியது; மூளைத்தண்டின் முதுகுப் பக்கமாக வெளியேறும் ஒரே நரம்பு. மேல் சிறுமூளைத் தமனி அதைத் தொட்டால் வாதத்தைவிட துடிப்புதான் அதிகம் பேசப்படுகிறது: ஒரு கண்ணில் மட்டும் காட்சி சில வினாடிகள் மேலும் கீழும் நடுங்கி நின்றுவிடும். இதற்கும் ப்ரிஸத்துக்கும் சம்பந்தமில்லை. வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபின் மாத்திரைக்கு அது கட்டுப்படுவதுண்டு. ஆனால் ஆசிய வம்சாவளியினரில் சிலருக்கு எச்எல்ஏ-பி 1502 என்ற மரபணு இருந்தால் அந்த மாத்திரை தோலையே உரித்துவிடும் எதிர்வினையைக் கொண்டுவரலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007இலேயே இதை எச்சரித்தது. ரத்தத்தில் சோடியமும் குறையலாம். ஆகவே ரத்தப் பரிசோதனை பார்த்துத்தான் தொடங்க வேண்டும். நரம்பு செயலிழந்த வாதத்துக்கு இந்த மாத்திரை எதுவும் செய்யாது. துடிப்புக்கும் திடீர் இறுக்கத்துக்கும் மட்டுமே.

இதெல்லாம் போக, நம் ஊரில் கண் நரம்பு வாதத்துடன் வரும் நடுவயதுக்காரரில் பலருக்குக் காரணம் வெளியிலிருந்து அழுத்தும் பெரிய குழாய் அல்ல. சர்க்கரையாலும் பிரஷராலும் நரம்புக்குள்ளேயே ஓடும் மயிரிழைக் குழாய்கள் அடைத்துக்கொள்வதுதான். இது பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானாகவே தேறும். அதனால்தான் "மூணு மாசம் பாப்போம்" என்ற பேச்சு. மூன்று மாதத்தில் அசையவே இல்லை, அல்லது கூடிக்கொண்டே போகிறது, அல்லது இரண்டாவதாக இன்னொரு நரம்பும் விழுந்தது என்றால் சர்க்கரையைக் குற்றம் சொல்வதை நிறுத்திவிட்டு ஸ்கேன் எடுக்க வேண்டும். ஒரு நாளுக்குள்ளேயே கூடிக் குறையும் இரட்டைப் பார்வையென்றால் மயஸ்தீனியா (நரம்பின் உத்தரவு தசைக்குச் சரியாகப் போய்ச் சேராத நோய்) நினைவுக்கு வர வேண்டும். தொங்கும் இமைமேல் 2 நிமிடம் ஐஸ் வைத்தால் இமை தூக்கிக்கொள்வது அதன் ஒரு குறி.

எந்த ஸ்கேன் என்பதில்தான் நிறைய பணம் வீணாகிறது. வெறும் 'மூளை எம்.ஆர்.ஐ.' 5 மி.மீ. துண்டுகளாக வெட்டிப் பார்க்கும், 2 மி.மீ.கூடத் தேறாத நரம்பு இரண்டு துண்டுக்கு நடுவில் காணாமல் போகும். கேட்க வேண்டியது, மூளை நீரை வெள்ளையாகவும் நரம்பையும் குழாயையும் கறுப்பாகவும் காட்டும் முப்பரிமாண வரிசை. சீமென்ஸ் இயந்திரத்தில் அதற்குப் பெயர் 'சிஸ்', ஜி.இ. இயந்திரத்தில் 'ஃபியஸ்டா'. துண்டின் தடிமன் 1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். கூடவே ரத்தக்குழாய்களைக் காட்டும் எம்.ஆர். ஆஞ்சியோ. பரிந்துரைச் சீட்டில் "வலது ஆறாம் நரம்பு, மூளைத்தண்டிலிருந்து கண்குழி வரை" என்று எழுதியிருந்தால் படம் படிப்பவர் அங்கே கண்ணை வைப்பார். ஒரு எச்சரிக்கை: எந்தத் தொல்லையும் இல்லாதவர்களிலும் நரம்பைத் தமனி தொட்டுக்கொண்டிருப்பது சகஜம். "வளைவு நரம்பைத் தொடுகிறது" என்ற ஒரு வரி மட்டும் குற்றத்தை நிரூபிக்காது. நரம்பு இடம் பெயர்ந்திருக்கிறதா, நசுங்கியிருக்கிறதா, வேறு காரணம் எதுவும் மிச்சமில்லையா என்பது பார்த்தாக வேண்டும்.

அளவும் ஒட்டும் முறையும்

பவரை முடிவு செய்வது கடைக்காரர் அல்ல. பல பவர் ப்ரிஸங்களை வரிசையாக அடுக்கிய அளவுச் சட்டத்தைக் கண் முன்னே நகர்த்தி, கண்ணை மாற்றி மாற்றி மூடி, 6 மீட்டரிலும் 33 செ.மீ.யிலும் தனித்தனியாக அளக்க வேண்டும். ஆறாம் நரம்பு வாதத்தில் தூரத்தில் விலகல் அதிகம், கிட்டத்தில் குறைவு. தூரத்துக்கு 20, கிட்டத்துக்கு 6 என்று வருவது சாதாரணம். 20ஐ முழு லென்ஸிலும் ஒட்டிவிட்டால் டிவி ஒன்றாகும், பேப்பர் இரண்டாகும். அதனால் பைஃபோகல் போடுபவருக்குத் தாளை மேல்பாதிக்கு மட்டும் வெட்டி ஒட்டுவது நல்ல வழி. அல்லது தூரத்துக்கென்று தனி ஃப்ரேம்.

முழு அளவையும் போட வேண்டியதில்லை. பிம்பங்கள் ஒட்டிக்கொள்ளும் மிகக் குறைந்த பவர் எதுவோ அதுதான் சரியான பவர். 18 அளந்தால் 15இலேயே பலருக்கு ஒன்றாகிவிடும். மிச்சத்தை மூளை இழுத்துக்கொள்ளும். மேல்-கீழ் விலகலில் இந்தச் சலுகை இல்லை. மூளையால் இழுக்க முடிவது 2, 3 டையாப்டர்தான். அங்கே அளவு பிசகக் கூடாது.

பக்கவாட்டிலும் மேல்-கீழாகவும் இரண்டு விலகல் சேர்ந்திருந்தால் இரண்டு தாள் ஒட்டக் கூடாது. ஒரே தாளைச் சாய்த்து ஒட்டலாம். வெளிப்பக்கம் 12, கீழ்ப்பக்கம் 5 தேவையென்றால், பித்தாகரஸ் கணக்குப்படி 13. கிடைக்கோட்டிலிருந்து சுமார் 23 பாகை சாய்வு. 13 கடையில் கிடையாது. 12 போட்டுப் பார்த்து, ஒன்றாகாவிட்டால் 15. நான்காம் நரம்பு வாதத்தில் பிம்பம் சாய்ந்தும் தெரியும். அந்தச் சாய்வை எந்த ப்ரிஸமும் நிமிர்த்தாது. தலையை எதிர்த் தோள் பக்கம் சாய்த்துக்கொள்வதுதான் அவருக்குக் கைமருந்து.

எந்தக் கண்ணில் ஒட்டுவது? வாதம் வந்த கண்ணில். காரணம் வெறும் வசதி அல்ல. தாள் பார்வையைக் கொஞ்சம் மங்கலாக்கும். மங்கிய கண் பின்னால் போய், நல்ல கண் பார்வையைப் பொருளின் மேல் நிலைநிறுத்தும். நல்ல கண் அப்படி நிலைநிறுத்தும்போது விலகல் குறைவாக இருக்கும். மாற்றி, நல்ல கண்ணில் ஒட்டி, வாதக் கண்ணை வேலை வாங்கினால், அது வெளியே திரும்பத் திணறும் ஒவ்வொரு முறையும் மூளை இரண்டு கண்ணுக்கும் அதே அளவு கூடுதல் உத்தரவு அனுப்பும், விலகல் பெருகும். வாதக் கண்ணின் பார்வைதான் இரண்டில் கூர்மையானது என்றால் மட்டும் யோசிக்க வேண்டும்.

இனி வெட்டுவது. ஃப்ரேம் சிறியதாக, லென்ஸ் அதிக வளைவில்லாததாக இருக்கட்டும். பவர் இல்லாதவருக்கு வெறும் பிளேன் லென்ஸ் போதும். லென்ஸைக் கழற்றி, மூக்குப் பக்கம் எது, காதுப் பக்கம் எது என்று மார்க்கர் பேனாவில் குறித்துக்கொள்ள வேண்டும். ஆறாம் நரம்புக்கு ப்ரிஸத்தின் அடிப்பக்கம் காதை நோக்கி இருக்கும். வரிகள் செங்குத்தாக நிற்கும். லென்ஸின் உள்பக்கம் தாளின் வழவழப்பான பக்கத்தைத் தொடும்படி வைத்து வரைந்து, கோட்டுக்கு 1 மி.மீ. உள்ளே தள்ளிக் கூரிய கத்தரியால் வெட்ட வேண்டும். ஃப்ரேமின் காடியில் தாள் மாட்டினால் ஓரம் தூக்கிக்கொள்ளும். அதற்காகவே அந்த 1 மி.மீ. இங்கே நடக்கும் பெரிய பிசகு, தாளைத் திருப்பி வைத்து வரைந்துவிடுவது. வெட்டிய துண்டு கண்ணாடிப் பிம்பமாக வரும். பொருத்திப் பார்த்தால் அடிப்பக்கம் மூக்கை நோக்கி நிற்கும். இரட்டைப் பார்வை இரண்டு மடங்காகும். ஒரு தாள் வீண்.

ஒரு பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம். லென்ஸும் தாளும் தண்ணீருக்குள் முங்கியிருக்கும்போதே வழவழப்பான பக்கத்தை லென்ஸின் உள்பக்கத்தோடு சேர்த்து, நடுவிலிருந்து ஓரத்துக்குக் கட்டைவிரலால் நீவிக் குமிழிகளை வெளியேற்ற வேண்டும். வெளியே எடுத்து, வரிகள் இருக்கும் பக்கத்தைத் தேய்க்காமல் துணியால் ஒற்றி, ஒரு நாள் தொடாமல் விட்டால் பிடிமானம் வந்துவிடும். லென்ஸில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் எத்தனை முறை ஒட்டினாலும் அந்த இடம் குமிழும்.

சரிபார்க்க இயந்திரம் வேண்டாம். கண்ணாடியை முகத்துக்கு முன்னே பிடித்து, வாதக் கண் லென்ஸ் வழியாகக் கதவின் செங்குத்து ஓரத்தைப் பார்க்க வேண்டும். லென்ஸுக்குள் தெரியும் ஓரம் மூக்குப் பக்கம் நகர்ந்திருந்தால் சரி. காதுப் பக்கம் நகர்ந்திருந்தால் தலைகீழ்.

குறைகள்

இருக்கின்றன, குறைவில்லாமல். 10, 12 டையாப்டர் வரை மங்கல் பொறுத்துக்கொள்ளக்கூடியது. 20இல் நன்றாகவே தெரியும். 30க்கு மேல் போனால் அந்தக் கண் எழுத்துப் படிக்க உதவாது. கிட்டத்தட்டப் பாதி மூடிய கண்தான். பிரகாசமான ஜன்னலின் ஓரத்தில் வானவில் நிறம் தெறிக்கும். இரவில் எதிரே வரும் ஹெட்லைட் ஒவ்வொன்றும் கிடைக்கோடாக நீளும். எதிரே நின்று பேசுபவருக்கு லென்ஸில் கோடுகள் தெரியும்; வாதக் கண்ணின் மேல் கோடு போட்ட திரை மாதிரி இருக்கும், சிலருக்கு இது பிடிக்காது.

இதைவிட முக்கியமான குறை, இது நேர்ப்பார்வையை மட்டும்தான் சரிசெய்யும். வாதம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் கண்ணைத் திருப்பினால் இரட்டைப் பார்வை திரும்ப வந்துவிடும். ப்ரிஸத்தின் பவர் எல்லாத் திசையிலும் ஒன்றே; வாதத்தின் அளவு திசைக்குத் திசை வேறு. கண்ணைத் திருப்பாமல் முகத்தைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் வர வேண்டும். இதைச் சொல்லிக் கொடுக்காத கடையில் "கண்ணாடி வேலை செய்யலை" என்று பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். மாடிப்படி இறங்கும்போது முதல் வாரம் கைப்பிடி அவசியம். வண்டி ஓட்டுவதற்கு மருத்துவரின் அனுமதி வேண்டும்; பக்கத்தில் வரும் பைக் இரண்டாகத் தெரியும் நிலையில் ஓட்டுவது தனக்கும் பிறருக்கும் கேடு.

வியர்வையும் எண்ணெயும் வரிகளுக்குள் ஏறும். குழாய்த் தண்ணீரில் காட்டி, மென்மையான பல் துலக்கும் பிரஷால் வரிகளின் திசையிலேயே தேய்த்தால் போகும். ஸ்பிரிட், தின்னர், அசிட்டோன் கூடாது. வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டில் வைத்தால் தாள் சுருங்கும். மாதங்கள் போகப் போக மஞ்சளடிக்கும், விறைக்கும். அப்போது பவர் அதேதான் என்றாலும் புதுத் தாள் போடுவதே நல்லது.

போட்டிப் பொருள்கள்

கண் பட்டை மலிவு. உடனே இரட்டைப் பார்வையை நிறுத்தும். ஆனால் ஆழ உணர்வும் ஒரு பக்கக் காட்சியும் போய்விடும். 30, 35க்கு மேல் விலகல் இருந்தால் பட்டைதான் நேர்மையான தீர்வு. அதற்கும் மலிவானது, மருந்துக்கடையில் கிடைக்கும் வெள்ளை சர்ஜிக்கல் டேப்பை வாதக் கண் லென்ஸின் உள்பக்கம் ஒட்டுவது. காதுப் பக்கம் மட்டும் ஒரு பட்டை ஒட்டினால் அந்தப் பக்கம் பார்க்கும்போது வரும் இரட்டையை மட்டும் அது மறைக்கும். ப்ரிஸத்தோடு சேர்த்தே இதைச் செய்யலாம். சுவிட்சர்லாந்துக்காரரான பாங்கர்ட்டர் பெயரில் வரும் மங்கல் தாள் இதன் நாகரிக வடிவம்: வெளியே இருந்து பார்த்தால் அவ்வளவாகத் தெரியாது, மங்கல் அளவை 0.8, 0.6, 0.4 என்று தேர்ந்தெடுக்கலாம். குழந்தைகளுக்கு இவற்றில் எதையும் சொந்தமாக ஒட்டக் கூடாது. மூடிய கண் சோம்பேறிக் கண்ணாகிவிடும். தவிர, குழந்தையின் ஆறாம் நரம்பு வாதம் மூளைக்குள் அழுத்தம் ஏறியதன் அறிகுறியாகவும் இருக்கலாம்.

மூன்றாம் நரம்பு வாதத்தில் இமை முழுவதும் தொங்கிக் கிடந்தால் இமையே பட்டை. தமனி வீக்கத்துக்குச் சிகிச்சை முடிந்து இமை மேலே எழ எழத்தான் இரட்டைப் பார்வை தொடங்கும். "ஆபரேஷனுக்கு அப்புறம்தான் ரெண்டாத் தெரியுது" என்று பயப்படுபவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். கண் மேலே, கீழே, உள்ளே எங்கும் சரியாகப் போகாததால் ப்ரிஸம் அங்கே அரைகுறைதான்.

கண் பயிற்சியும் நரம்பு வைட்டமினும் இந்தப் பட்டியலில் கேட்காமலேயே வந்து சேர்ந்துவிடும். குழாய் நரம்பை அழுத்திக்கொண்டிருக்கும்போது பென்சிலை மூக்குக்குக் கொண்டுவரும் பயிற்சி, கண்ணை உள்ளே இழுக்கும் தசையைத்தான் பழக்கும். உள்ளே போய்விட்ட கண்ணுக்கு அது எதற்கு?

போட்டுலினம் ஊசி வேறு வகை. சான் பிரான்சிஸ்கோவின் ஆலன் ஸ்காட் மாறுகண்ணுக்காகவே கொண்டுவந்த மருந்து இது. முகச் சுருக்கத்துக்குப் போனதெல்லாம் பிற்பாடு. 1989இல் அமெரிக்காவில் மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும் அனுமதி கிடைத்தது. ஆறாம் நரம்பு வாதத்தில், எதிர்த்து இழுக்க ஆளில்லாமல் இறுகிக்கொண்டிருக்கும் உள் தசையில் 1.25 முதல் 2.5 யூனிட் வரை போடுவார்கள். ஓரிரு நாளில் தொடங்கி, ஒரு வாரத்துக்குமேல் உச்சத்துக்குப் போய், இரண்டு மூன்று மாதத்தில் வடியும். அதற்குள் நரம்பு தேறினால் உள் தசை சுருங்கிப்போகாமல் காப்பாற்றியது லாபம். இமை சில வாரம் தொங்கலாம், கண் மேல்-கீழாக விலகலாம். ஒரு பிராண்டின் யூனிட் இன்னொரு பிராண்டின் யூனிட்டுக்குச் சமமல்ல. எந்த பிராண்ட் என்பதைக் கேட்டுக் குறித்துக்கொள்வது அடுத்த முறைக்கு உதவும். ஊசி போட்டால் ஒட்டிய ப்ரிஸத்தை உரிக்க வேண்டும். அளவு வாராவாரம் மாறும்.

கத்தி எப்போது

ரத்தக்குழாயையே சரிசெய்யும் சிகிச்சையில் மூன்றாம் நரம்புக்குத்தான் தெளிவான வழி உண்டு. பால்டிமோரில் வால்டர் டேண்டி 1937 மார்ச்சில் முதன்முதலாக மூளைத் தமனி வீக்கத்தின் கழுத்தில் வெள்ளிக் கிளிப் மாட்டியதே, மூன்றாம் நரம்பு விழுந்து வந்த நோயாளிக்குத்தான். இன்று மண்டையைத் திறந்து கிளிப் போடலாம்; அல்லது தொடைத் தமனி வழியாகக் கம்பி செலுத்தி வீக்கத்துக்குள் பிளாட்டினச் சுருள் நிரப்பலாம். சுருள் நிரம்பிய வீக்கம் உடனே சுருங்காது. துடிப்பு நின்றதால் நரம்பு மெல்லத் தேறும். எது என்பதை வீக்கத்தின் வடிவமும் வயதும் முடிவு செய்யும். நரம்பைப் பொறுத்தவரை, வாதம் வந்து எவ்வளவு சீக்கிரம் சிகிச்சை கிடைத்தது, தொடக்கத்தில் வாதம் பாதியா முழுதா என்ற இரண்டும்தான் கணக்கு.

புடைத்த அடித்தளத் தமனி ஆறாம் நரம்பை அழுத்துபவருக்குக் கதை வேறு. பீட்டர் ஜனெட்டா 1960களில் முக நரம்பு வலிக்காகப் பரப்பிய முறையில், காதுக்குப் பின்னால் சிறு துளை போட்டு, நுண்ணோக்கியில் பார்த்து, குழாய்க்கும் நரம்புக்கும் நடுவில் டெஃப்ளான் பஞ்சைச் செருகுவார்கள். சிறு தமனி வளைவுக்கு இது பொருத்தம். பென்சில் பருமனுக்குப் புடைத்த தமனியைப் பஞ்சு தாங்காது. நாடா கட்டி மூளை உறையோடு சேர்த்து ஒதுக்கித் தைக்க வேண்டும். அந்தத் தமனியிலிருந்து மூளைத்தண்டுக்குப் போகும் மயிரிழைக் கிளைகள் இழுபட்டால் பக்கவாதம். காது கேட்கும் திறன் போகலாம், மூளை நீர் கசியலாம். அறுவை நடக்கும்போதே காது நரம்பின் மின் பதிவைக் கண்காணிக்காத இடத்தில் இதைச் செய்துகொள்ளக் கூடாது. ஆறாம் நரம்பு வாதத்துக்காக இதைச் செய்த அனுபவம் மருத்துவ இதழ்களில் பெரும்பாலும் ஒற்றை நோயாளி அறிக்கைகளாகத்தான் இருக்கிறது. இரட்டைப் பார்வை மட்டுமே தொல்லை என்றால், பிரஷரைக் கட்டுக்குள் வைத்து ப்ரிஸத்தோடு இருப்பதே பெரும்பாலோருக்கு உகந்தது என்பது எங்கள் கருத்து. முகத் துடிப்பு, முக வலி, தள்ளாட்டம் என்று வேறு தொல்லையும் சேர்ந்திருந்தால் தராசு அறுவையின் பக்கம் சாயலாம்.

கண் தசை அறுவைக்கு அவசரமே கூடாது. அளவு குறைந்தது ஆறு மாதம் மாறாமல் நிற்க வேண்டும். கண் நடுக்கோட்டைத் தாண்டி வெளியே கொஞ்சமாவது போனால் உள் தசையைத் தளர்த்தி வெளித் தசையை இறுக்குவார்கள். துளியும் போகாவிட்டால் மேல்-கீழ் தசைகளை வெளிப்பக்கம் நகர்த்தித் தைப்பார்கள். கண்ணின் முன்பகுதிக்கு ரத்தம் இந்த நேர்தசைகள் வழியாகத்தான் வருகிறது. சர்க்கரை உள்ள முதியவருக்கு ஒரே அமர்வில் மூன்று தசையைத் தொட்டால் முன்பகுதி வாடும் அபாயம் உண்டு. எத்தனை தசை என்று அறுவைக்கு முன்பே கேட்கலாம். சென்னை சங்கர நேத்ராலயா, மதுரை அரவிந்த் போன்ற பெரிய கண் மருத்துவமனைகளில் நரம்பு-கண் பிரிவும் மாறுகண் பிரிவும் ஒரே கூரையின் கீழ் இருப்பதால், ஸ்கேனைப் படிப்பவரும் தசையைத் தைப்பவரும் ஒரே கோப்பைப் பார்க்க முடியும்.

அதுவரை ஒட்டு ப்ரிஸம்தான். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும். ஒட்டிய பவரோடு திடீரென்று கிட்டத்தில் இரட்டை வருகிறது, தாளை உரித்தால் சரியாகிறது என்றால் நரம்பு தேறுகிறது: 20லிருந்து 15, 15லிருந்து 10 என்று இறங்கலாம். 6, 8க்குள் வந்து மூன்று நான்கு மாதம் அங்கேயே நின்றுவிட்டால் தாளை எறிந்துவிட்டு லென்ஸிலேயே கடைந்து, இரண்டு கண்ணுக்கும் பாதிப் பாதியாகப் போட்டுக்கொள்ளலாம். இறங்கிய அளவு மறுபடி ஏறினால் பெரிய தாள் வாங்கக் கடைக்குப் போகாமல், பழைய ஸ்கேனை எடுத்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும்.